அளப்போரை அளப்பார் யார்?

(நாகர்கோவிலில் மருத்துவத் துறை ஊழியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இரவுப் பணியை முடித்துவிட்டு வீடு திரும்பாமல் நேரே இம்மண்டபத்திற்கு வந்து அமர்ந்திருக்கும் சகோதரிகளே!

எனக்கு முன் பேசிய தோழர்கள் ஊதியத்தைப் பற்றியும் பணி நிரந்தரத்தைப் பற்றியும் விரிவாகவே பேசினார்கள். அவர்கள் சொன்னதையே நானும் திருப்பிச் சொல்லி உங்கள் உறக்கத்தை மேலும் கெடுக்க விரும்பவில்லை. நான் பேச வந்தது உங்கள் உடலைப் பற்றி. ஆம், பிறர் உடலைப் பற்றிப் பகலும் இரவும் கவலைப்படுவதற்கென்றே அமர்த்தப்பட்டிருக்கும் உங்களுடைய சொந்த உடலைப் பற்றி. தொழிற்சங்க மேடையில் இதைப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். உழைப்பவனிடம் விற்பதற்கு உழைப்புச் சக்தி ஒன்றைத் தவிர வேறில்லை என்று நாம் ஓயாமல் சொல்லி வருகிறோமே, அந்தச் சக்தி குடியிருப்பது எங்கே? உடலில் அல்லவா? சரக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் கிடங்கு இடிந்து விழுவதைப் பற்றியும் பேசத்தானே வேண்டும்?

சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகிய நோய்கள் காலராவைப் போலவோ அம்மையைப் போலவோ ஒரு நாளில் வந்து ஒரு நாளில் போகிறவை அல்ல. பத்தாண்டு, பதினைந்தாண்டு உடலுக்குள் ஓசையின்றிக் குடியிருந்து, நாற்பதிலோ ஐம்பதிலோ ஒரு நாள் முகங்காட்டுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023 இல் வெளியான ஆய்வு, இந்நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் சர்க்கரை நோய் உடையவர்கள் என்றும், வயது வந்தோரில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் இரத்தக் கொதிப்பு உடையவர்கள் என்றும் மதிப்பிட்டது. இந்தக் கணக்கில் நோயாளிகளாக எண்ணப்பட்டவர்கள் அனைவரும் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருப்பவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கட்டிலின் அருகே நின்று குறிப்பெழுதுகிறவர்களும் அதில் அடக்கம்.

இந்நோய்களுக்கு வழி திறந்துவிடுபவை எவை என்ற பட்டியல் ஒவ்வொரு மருத்துவமனைச் சுவரிலும் தொங்குகிறது. புகையிலை, மது, மிகையான உப்பு, உடற்பயிற்சி இன்மை, பருமன், உறக்கக் குறைவு, மன அழுத்தம். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டியவர் யார்? ஒரு நர்சு. அதை உரக்கப் படித்து நோயாளிக்கு விளக்குகிறவர் யார்? அவரேதான். பிறகு, அந்த நர்சுக்கே சர்க்கரை வந்துவிட்டால் உலகம் என்ன சொல்கிறது? "படித்தவர், எல்லாம் தெரிந்தவர், தம் உடம்பைத் தாம் பார்த்துக்கொள்ளக் கூடாதோ?" என்கிறது. பேஷ்! என்ன அருமையான கேள்வி! நீச்சல் தெரிந்தவனின் கைகளைக் கட்டி ஆற்றில் தள்ளிவிட்டு, நீந்தத் தெரிந்தும் ஏன் மூழ்கினாய் என்று கேட்பது போன்ற கேள்வி!

கைகளைக் கட்டியது எது என்று பார்ப்போம்.

முதலாவது, இரவு. பல மருத்துவமனைகளில் இரவுப் பணி மாலை 7 மணிக்குத் தொடங்கிக் காலை 7 மணிக்கு முடிகிறது. மனித உடல் சூரியனோடு உடன்படிக்கை செய்துகொண்டு வளர்ந்த உடல். பகலில் உண்ணும் உணவைச் சீரணித்து, அதன் சர்க்கரையை இன்சுலின் கொண்டு உரிய இடத்தில் சேர்க்க அது ஆயத்தமாக இருக்கிறது. இரவில் கணையமும் ஓய்வை நாடுகிறது. நள்ளிரவு ஒரு மணிக்கு, பசிக்கு அல்ல, கண் அயராமல் இருப்பதற்காக, ஒரு நர்சு குடிக்கும் இனிப்புத் தேநீரும், மாலையில் கடையில் வாங்கிவைத்து ஆறிப்போன பழம்பொரியும், அதே அளவில் பகலில் உண்டிருந்தால் ஏற்றியிருக்கக்கூடியதைவிட அதிகமாக இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகின்றன. உறங்கும்போது இரத்த அழுத்தம் இயல்பாகச் சற்றே தாழ வேண்டும். விழித்திருப்பவருக்கு அந்தத் தாழ்வும் முறையாகக் கிட்டுவதில்லை. காலையில் வீடு சென்று உறங்கலாமே என்பீர்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது யார்? மாமியாருக்குக் கஞ்சி வைப்பது யார்? ஆண் ஊழியர் இரவுப் பணி முடிந்து வந்தால் வீடு அடங்கி ஒடுங்குகிறது. பெண் ஊழியர் வந்தால் வீட்டு வேலை தொடங்குகிறது. இது நம் தோழர்கள் வீட்டிலும் நடப்பதுதான். உண்மையில்லையென்றால் இங்கிருக்கும் சகோதரிகள் எழுந்து மறுக்கலாம். (சிரிப்பு)

இது என் கற்பனையன்று. அமெரிக்காவில் 1976 இல் ஒரு பெரும் ஆய்வு தொடங்கிற்று. ஒரு லட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட நர்சுகளைப் பதிவு செய்துகொண்டு, ஆண்டுக்கணக்கில் அவர்கள் நலத்தைத் தொடர்ந்து கேட்டறிந்த ஆய்வு அது. பின்னர் மேலும் ஒரு தலைமுறை நர்சுகளையும் சேர்த்துக்கொண்டு, சுழற்சி முறையில் இரவுப் பணி செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பை ஒப்பிட்டு 2011 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்று முதல் ஒன்பது ஆண்டு வரை அத்தகைய பணி செய்தவர்களுக்கு வாய்ப்பு 20 விழுக்காடு மிகுதி. பத்து முதல் பத்தொன்பது ஆண்டு செய்தவர்களுக்கு 40 விழுக்காடு. இருபதாண்டுக்கு மேல் செய்தவர்களுக்கு 58 விழுக்காடு. படிக்கட்டைப் போல ஏறிக்கொண்டே போகிறது கணக்கு. நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். உடல் எடையின் பங்கைக் கழித்துப் பார்த்தபோது இந்த விழுக்காடுகள் குறைகின்றன. இருபதாண்டுக்கு மேற்பட்டவர்களுக்கு 24 விழுக்காடாக இறங்குகிறது. எதிர்வாதம் செய்கிறவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தீர்களா, குற்றம் பருமனுடையது, பணியுடையதன்று" என்பார்கள். அந்தப் பருமன் வானத்திலிருந்து விழுந்ததா? உறக்கம் குறைந்தால் பசி மிகுகிறது என்பதும், இரவு உணவு எடையைக் கூட்டுகிறது என்பதும் அதே மருத்துவ நூல்களில்தானே இருக்கின்றன?

புற்றுநோயைப் பற்றியும் ஒரு சொல். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, உடலின் இயற்கைக் கடிகாரத்தைக் குலைக்கும் பணிமுறையை, புற்றுநோய் விளைவிக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் 2007 இல் சேர்த்தது. 2019 இல் மீண்டும் ஆராய்ந்து, இரவுப் பணியை அதே வரிசையில் நிறுத்தியது. உறுதியாக விளைவிக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை. வாய்ப்பு உண்டு என்றார்கள். நமக்கு மிகைப்படுத்தும் தேவை இல்லை, தோழர்களே. உள்ளதைச் சொன்னாலே போதும்.

இரண்டாவது, நேரத்தின் நீளம். உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021 இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைக் காட்டிலும் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் மிகுதி என்கிறது அது. 2016 ஆம் ஆண்டில் மட்டும் இத்தகைய நீண்ட நேர உழைப்பின் விளைவாக உலகில் 7,45,000 பேர் மாண்டனர் என்றும் கணக்கிட்டது. இப்போது நீங்களே பெருக்கிப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேர இரவு, வாரத்தில் ஆறு. எழுபத்திரண்டு! எட்டு மணி நேர வேலைக்காகச் சிக்காகோ தொழிலாளிகள் இரத்தம் சிந்தியது 1886 இல். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடியை ஏற்றியது 1923 இல். நூறாண்டு கடந்த பின்பும் நம் மருத்துவமனை வார்டுகளுக்குள் மே தினம் நுழையக் காணோம்!

டாக்டர்கள் மட்டும் தப்பினார்கள் என்று எண்ண வேண்டாம். பயிற்சி மருத்துவர்களின் தொடர்பணி சாதாரணமாக 12 மணி நேரத்தையும், வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்று மைய அரசு 1992 இலேயே எழுதி அனுப்பியது. முப்பத்தாறு மணி நேரம் தொடர்ந்து நிற்கும் இளம் டாக்டர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் கடிதம் எந்தக் கோப்புக்குள் உறங்குகிறது என்று. கடிதமாவது உறங்குகிறதே! 2024 ஆகஸ்டில் கொல்கத்தா மருத்துவக் கல்லூரி ஒன்றில் கொடூரமாகக் கொல்லப்பட்ட அந்த இளம் பெண் மருத்துவர், நெடும்பணிக்கிடையே சற்றுக் கண்ணயர்ந்தது ஒரு கருத்தரங்க அறையில். ஓய்வறை ஒன்று இல்லாத கட்டடம் எத்தகைய கட்டடம் என்பதை நாடு அன்றுதான் கேட்டது. கேட்ட நாடு மறுமாதமே மறந்தும் விட்டது.

"நர்சுகள் நாள் முழுதும் வார்டில் நடக்கிறார்களே, அது உடற்பயிற்சி ஆகாதோ?" என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்விதான். 1953 இல் இலண்டன் பேருந்துகளை ஆராய்ந்த ஜெர்ரி மாரிஸ் என்ற அறிஞர், உட்கார்ந்தே ஓட்டும் ஓட்டுநர்களைவிட, இரண்டடுக்குப் பேருந்தில் படியேறி இறங்கும் நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று கண்டார். உடலுழைப்பின் நன்மையை உலகுக்கு உணர்த்திய ஆய்வு அது. ஆனால், தானே விரும்பி, தன் வேகத்தில், ஓய்வும் சேர்த்துச் செய்யும் நடைக்கும், பிறர் மணி அடிக்கும்போதெல்லாம் ஓடும் ஓட்டத்திற்கும் வேறுபாடு உண்டு என்று பிற்கால ஆய்வாளர் பலர் எடுத்துக் காட்டுகிறார்கள். நாள் முழுதும் நிற்பதால் கால் நரம்பு சுருண்டு புடைப்பதும், பணியிடத்துக் கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைத்துக் குடித்துச் சிறுநீர்த் தொற்றை வரவழைத்துக்கொள்வதும் பயிற்சியின் பயன்களாக எந்த நூலிலும் இல்லை. கடைகளில் நிற்கும் ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021 இல் சட்டமாக்கியது. துணிக்கடைப் பெண்ணுக்குக் கிடைத்த நாற்காலி வார்டுப் பெண்ணுக்கு எங்கே?

இன்னொன்று, அதிகாரம். இலண்டனில் அரசு அலுவலர்களை வைத்து 1967 இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு என்ன காட்டிற்று தெரியுமா? மிக உயர்ந்த படியில் இருந்தவர்களைக் காட்டிலும் மிகத் தாழ்ந்த படியில் இருந்தவர்களின் சாவு விகிதம் ஏறத்தாழ மூன்று மடங்கு. பெரிய பொறுப்புள்ள மேலதிகாரிக்குத்தான் மாரடைப்பு வரும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது! தன் வேலையின் மேல் தனக்கே ஒரு பிடிப்பும் இல்லாமல், எல்லாத் திசையிலிருந்தும் கட்டளை மட்டுமே வந்து விழும் இடத்தில் நிற்பவனின் இதயம்தான் முதலில் தேய்கிறது. வார்டில் அந்த இடத்தில் நிற்பவர் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? நோயாளியின் உறவினர் ஏசுவது அவரை. டாக்டர் கடிவது அவரை. மருந்து இருப்பு இல்லாவிட்டால் பழி அவர் மேல். அவருக்கும் கீழே இன்னொருவர் இருக்கிறார், தரை துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. அவரை எவரும் பெயர் சொல்லிக் கூடக் கூப்பிடுவதில்லை.

தோழர்களே, இது நாஞ்சில் மண். மருத்துவத் தொழிலின் வரலாற்றில் இம்மாவட்டத்திற்குத் தனியிடம் உண்டு. 1838 இல் நெய்யூரில் இலண்டன் மிஷன் மருத்துவர் ஆர்ச்சிபால்டு ராம்சே தொடங்கிய பணி பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது. 1922 இலும் 1924 இலும் எவரெஸ்ட் சிகரம் ஏற முயன்ற குழுக்களில் இருந்த அறுவை மருத்துவர் சாமர்வெல், மலையை விட்டு இறங்கி வந்து இருபதாண்டுக்கு மேல் கத்தி பிடித்தது அந்த நெய்யூரில்தான். நாகர்கோவிலில் இரட்சணிய சேனையின் காதரின் பூத் மருத்துவமனை. 2001 முதல் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. இவற்றின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மருத்துவர்களின் பெயரை எழுதுகிறார்கள், தவறில்லை. கத்தியை எடுத்துக் கொடுத்த கைகளின் பெயர்தான் விடுபட்டுப் போகிறது.

அந்தக் கைகள் யாருடையவை? மார்பை மறைக்கும் உரிமைக்காக இந்த மண்ணின் ஒடுக்கப்பட்ட பெண்கள் பல்லாண்டு போராடி, 1859 இல் திருவிதாங்கூர் அரசின் பிரகடனத்தைப் பெற்றார்களே, அந்தப் பெண்களின் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும் கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பணிந்து வார்டுக்குள் நடந்தபோது, அது வெறும் வேலை வாய்ப்பாகவா இருந்தது? தலை நிமிர்ந்த நடை அது. இங்கிருந்து அவர்கள் வடநாட்டு நகரங்களுக்குச் சென்றார்கள், வளைகுடா நாடுகளுக்குச் சென்றார்கள், கடல் கடந்து அனுப்பிய பணத்தில் கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் வீடுகள் எழுந்தன, தம்பிகள் படித்தார்கள், தங்கைகள் மணமேடை ஏறினார்கள். இருபது ஆண்டு கழித்து ஊர் திரும்பும் அக்காளின் பெட்டியில் சென்ட்டு பாட்டிலும் சாக்லேட்டும் இருக்கின்றனவா என்று எல்லோரும் பார்க்கிறோம். அவர் கைப்பையில் இருக்கும் மாத்திரைச் சீட்டை எவரும் பார்ப்பதில்லை.

இத்தனையையும் மூடி மறைக்கும் ஓர் அழகிய துணி இருக்கிறது. அதன் பெயர் "தொண்டு". இந்தச் சொல்லை நான் இகழவில்லை. தொண்டுள்ளம் இல்லாதவர் இத்தொழிலில் ஒரு வாரம் நிலைக்க மாட்டார். ஆனால் தொண்டு என்பது செய்கிறவர் உள்ளத்தில் இருக்க வேண்டிய பண்பு. செய்விக்கிறவர் கணக்குப் புத்தகத்தில் இருக்கக் கூடாது. ஆண்டுக்கொரு நாள் மே 12 இல் மெழுகுவர்த்தி ஏற்றி, "விளக்கேந்திய மங்கை" என்று நைட்டிங்கேல் அம்மையாரை வாழ்த்துகிறார்கள். அவர் கிரிமியப் போர்க்களத்திலிருந்து நோயோடு திரும்பி, பல்லாண்டு படுக்கையிலேயே கிடந்து உழைத்தவர் என்பதையும், விளக்கைவிடப் புள்ளிவிவரத்தையே பெரிய ஆயுதமாக ஏந்தி, போரில் செத்தவர்களைவிட மருத்துவமனைச் சீர்கேட்டால் செத்தவர்களே மிகுதி என்று வரைபடம் போட்டு அரசாங்கத்தின் முகத்தில் அறைந்தவர் என்பதையும் அந்த விழாக்களில் எவர் சொல்கிறார்? மெழுகுவர்த்தி மலிவு, கணக்குக் கேட்டால் செலவு பிடிக்கும்!

சட்ட மன்றங்களிலும் இந்தத் துணி விரிக்கப்பட்டதுண்டு. மருத்துவமனை ஒரு தொழில் நிறுவனமன்று என்று சப்தர்ஜங் மருத்துவமனை வழக்கில் 1970 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிலன்று என்றால் அங்கு உழைப்பவர் தொழிலாளியும் அல்லர், தொழில் தகராறுச் சட்டம் அவரைத் தீண்டாது. எட்டாண்டுக்குப் பின், 1978 இல், பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் முதலானோர் அந்தத் தீர்ப்பை மாற்றினர். அதன் பிறகு மருத்துவமனை ஊழியர் தொழிலாளர் என்ற பெயருக்கு மீண்டும் உரிமை பெற்றார். பெயர் கிடைத்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1977 இல் செவிலியருக்கென்றே இயற்றிய 149 ஆம் உடன்படிக்கை, வேலை நேரம், வார ஓய்வு, விடுமுறை ஆகியவற்றில் செவிலியருக்குப் பிற தொழிலாளர்க்குச் சமமான நிலை வேண்டும் என்று கூறுகிறது. அதை இந்தியா ஏற்புறுதி செய்யவில்லை.

ஊதியம் பற்றிப் பேசமாட்டேன் என்றேன். ஆனால் நோயும் ஊதியமும் ஒரே கயிற்றின் இரு முனைகளாக இருக்கும்போது ஒன்றைத் தொடாமல் மற்றொன்றை இழுக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் 2015 இல் தேர்வு வாரியத்தின் வழியாக எடுக்கப்பட்ட செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டு, 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் அமர்ந்து போராடியதை அறிவீர்கள். தனியார் மருத்துவமனைகளுக்கு உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி மைய அரசு அமைத்த குழு 2016 இல் பரிந்துரைத்தது என்ன? இருநூறு படுக்கைக்கு மேற்பட்டவை அரசுச் செவிலியருக்கு இணையாகக் கொடுக்க வேண்டும், ஐம்பது படுக்கைக்குக் குறைந்தவையும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்பது. இந்த அரங்கில் தனியார் மருத்துவமனையில் பணிபுரிவோர் இருக்கிறீர்கள். கை தூக்கச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். ஊதியம் போதாதபோது இரட்டைப் பணி வருகிறது. இரட்டைப் பணி வரும்போது உறக்கம் போகிறது. நாடித்துடிப்பைப் பிறர் கையில் எண்ணுகிறவர் தம் துடிப்பை எண்ண நேரமில்லாமல் போகிறார். போதிய ஆள் இல்லாதபோதும் இதே கதைதான். பயிற்றுவிக்கும் மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், பிற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் குழுமத்தின் அளவுகோல். நேற்றிரவு உங்கள் பொறுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை நீங்கள் உங்கள் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஊர்ப்புறத்தைச் சற்றுப் பாருங்கள். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கும் மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கும் ஒருவர் என்பது கிராம சுகாதாரச் செவிலியருக்கான கணக்கு. பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து காணிக்காரர் குடியிருப்புக்குப் போய்த் தடுப்பூசி போடுகிறவருக்கு, திரும்பி வந்ததும் கணினியில் பதிவேற்றும் வேலை காத்திருக்கிறது. 2021 ஆகஸ்டு 5 இல் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கப்பட்டது. வீட்டு வாசலுக்கே சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கும் நல்ல திட்டம். 2024 இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் பெற்றது. மகிழ்ச்சி. அந்த விருதைத் தம் கால்களால் நடந்து ஈட்டியவர்கள் மகளிர் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட தன்னார்வலப் பெண்கள். ஊழியர் என்ற பெயரில்லை, ஊதியம் என்ற பெயருமில்லை, ஊக்கத்தொகை என்று பெயர். தோவாளைப் பக்கத்துச் சகோதரி ஒருவர் என்னிடம் சொன்னார்: "ஊரில் எல்லாருக்கும் பிரஷர் பார்க்கிறேன் அண்ணாச்சி. ஒரு நாள் மெஷின் சரியாக ஓடுகிறதா என்று என் கையில் கட்டிப் பார்த்தேன். நூற்று எழுபது காட்டிற்று. மெஷின்தான் கெட்டுப் போயிற்று என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்." கருவியைச் சோதித்த அலுவலகத்தில் அதில் பழுதில்லை என்று கூறினார்களாம்.

2020 ஐ நினைவுபடுத்துகிறேன். கொரோனாக் காலத்தில் ஒவ்வொரு மாலையும் வெளியான அரசுக் குறிப்பில் ஒரு சொல் வந்துகொண்டே இருந்தது: "இணைநோய்". இறந்தவருக்குச் சர்க்கரை இருந்தது, கொதிப்பு இருந்தது என்ற பொருளில். 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகில் ஏறத்தாழ 1,15,000 சுகாதாரப் பணியாளர்கள் அத்தொற்றில் மாண்டிருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களிலும் எத்தனையோ பேருக்கு இணைநோய் இருந்திருக்கும். அந்த இணைநோயை அவர்களுக்கு இணைத்தது யார் என்பது அந்தக் குறிப்பில் இல்லை. கைதட்டினோம், விளக்கேற்றினோம், வானூர்தியிலிருந்து பூத்தூவினோம். தமிழ்நாட்டில் அந்நாளில் அவசரமாக அமர்த்தப்பட்ட ஒப்பந்தச் செவிலியர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31 இல் முடித்து வைக்கப்பட்டது. தூவிய பூ வாடக்கூட மூன்று ஆண்டு ஆகவில்லை பாருங்கள்!

இனி, செய்ய வேண்டியது. ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை என்று 2025 நவம்பர் 21 இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைக் காட்டுகிறார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு என்கிறார்கள். அந்தத் தொகுப்புகளில் உழைப்பவனுக்குப் பறிபோனவை எவை என்பது தனிப்பேச்சு. பரிசோதனையை மட்டும் எடுத்துக்கொள்வோம். இருபத்திரண்டு வயதில் இரவுப் பணியில் நுழைகிற பெண்ணை நாற்பதில் முதல்முறை சோதிப்பதென்றால், படிக்கட்டு முழுவதும் ஏறிய பிறகு படியை எண்ணுவதாகும். வேலைக்குச் சேரும் நாளிலேயே அளவெடுத்து, ஆண்டுதோறும் அளவெடுத்து, அந்த ஏட்டின் ஒரு படியை ஊழியர் கையிலேயே கொடுக்க வேண்டும். கொதிப்பு மிகுந்தவர் என்று தெரிந்தால் அவரை வெளியேற்றுவதற்கு அந்த ஏடு கருவியாகக் கூடாது. இரவுப் பணியிலிருந்து விடுவிப்பதற்கு அது கருவியாக வேண்டும், அதுவும் ஊதியம் குறையாமல்.

இதைவிடப் பெரிய கோரிக்கை ஒன்று இருக்கிறது. 1923 ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் தொழில்வழி நோய்களின் பட்டியல் ஒன்று இருந்தது. மருத்துவப் பணியிலோ ஆய்வுக்கூடப் பணியிலோ ஒட்டும் தொற்றுநோய் அதில் உண்டு. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பட்டியல் தொடர்கிறது. ஊசி குத்திக் காமாலை வந்தால் அது தொழிலின் நோய். இருபதாண்டு இரவு விழித்து மாரடைப்பு வந்தால் அது உங்கள் விதி! உலகம் முழுவதும் இப்படியா? ஜப்பானில் மிகையுழைப்பால் நேரும் பக்கவாதத்தையும் மாரடைப்பையும் தொழில்வழிச் சாவாக ஏற்று இழப்பீடு தருகிறார்கள். நோய் தாக்குவதற்கு முந்தைய மாதத்தில் நூறு மணி நேரமோ, அல்லது இரண்டு முதல் ஆறு மாதங்களில் சராசரியாக மாதம் எண்பது மணி நேரமோ மிகைவேலை இருந்ததா என்று பார்க்கும் அளவுகோலை 2001 இலேயே வகுத்தார்கள். டென்மார்க்கில், நெடுங்காலம் இரவுப் பணி செய்து மார்பகப் புற்றுநோய் கண்ட ஏறத்தாழ நாற்பது பெண்களுக்கு இழப்பீடு வழங்கினார்கள். அவர்களில் நர்சுகளும் இருந்தார்கள். முதலாளித்துவ நாடுகளே ஒப்புக்கொண்டதை நாம் கேட்கக் கூச்சப்படுவானேன்?

நம் சங்கங்களுக்கும் ஒரு சொல் உண்டு. கோரிக்கைப் பட்டியலில் பதினேழாவதாகவோ பதினெட்டாவதாகவோ, இடமிருந்தால், "ஊழியர் நலன்" என்று ஒரு வரி எழுதுகிறோம். அந்த வரிக்குப் பின்னால் கணக்கு எதுவும் இல்லாததால் அதிகாரி அதைப் படித்துவிட்டுச் சிரித்துப் பக்கத்தைத் திருப்புகிறார். இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700 ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப் பற்றி நூலெழுதியபோது, நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகளோடு இன்னும் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: "உன் தொழில் யாது?" அந்நூலில் மருத்துவச்சிகளின் நோய்களுக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். முந்நூறு ஆண்டுகள் சென்றபின் நாம் அந்தக் கேள்வியை நம்மையே கேட்டுக்கொள்ளப் போகிறோம்.

வாசலில் ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் உங்கள் பெயரோ, மருத்துவமனையின் பெயரோ, பணி எண்ணோ எழுத வேண்டாம். வயது, எத்தனை ஆண்டுப் பணி, கடந்த மாதம் எத்தனை இரவு, இரவில் உங்கள் பொறுப்பில் எத்தனை படுக்கை, கடைசியாக உங்கள் சர்க்கரையும் கொதிப்பும் அளக்கப்பட்டது எப்போது, அளவு எவ்வளவு, இவ்வளவே கேள்விகள். துப்புரவுத் தோழர்களுக்கு எழுதுவது சிரமமானால் பக்கத்திலிருப்பவர் எழுதிக் கொடுங்கள். அளவே எடுக்காதவர்களுக்காகப் பின் அறையில் நம் தோழர்கள் இருவர் கருவிகளோடு அமர்ந்திருக்கிறார்கள். இரவுப் பணி முடித்து வந்தவர்கள் முதலில் செல்லுங்கள். மற்றவர்கள் அவர்களுக்கு வழி விடுங்கள். மார்த்தாண்டம் போகும் பேருந்துக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது.